மதிலகச் சுருணைகள்

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழருள் கோட்டைக்குள் சென்று வாராதார் ஒருவரும் இரார். அனந்தசயனரை வணங்கவும், சாலைக் கடைத்தெருவில் பண்டங்கள் வாங்கவும் நாளும் நம்மவர் அவ்வழியே செல்கின்றனர். ஆயினும், அக்கோட்டைப் பகுதியிலேயே நிற்கும் ஆவணக் காப்பகக் கட்டடத்தை ஏறிட்டுப் பார்த்தவர் சிலரே. அரண்மனையின் எழிலோ, கோபுரத்தின் உயரமோ அதற்கு இல்லை. ஆனால், இந்நாட்டின் அறுநூறு ஆண்டு நினைவு அதனுள்ளேதான் உறைகின்றது.

அந்தக் கட்டடத்தின் வரலாறே சுவையானது. முதலில் அது திருவிதாங்கூர் நாயர் படையினரின் பாசறையாக இருந்தது. பின்னர்ச் சிறைச்சாலை ஆயிற்று. சிறை பூசப்புரைக்கு மாறியபின், 1887ஆம் ஆண்டில் அரசின் பழைய ஓலைக் கணக்குகள் அங்குக் கொண்டுவந்து வைக்கப்பெற்றன. வாளேந்தியோர் இருந்த இடத்தில் குற்றவாளிகள் இருந்தனர். குற்றவாளிகள் இருந்த இடத்தில் ஏடுகள் குடிபுகுந்தன. 2022 டிசம்பரில் கேரள அரசு அக்கட்டடத்திலேயே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. எட்டுப் பிரிவுகளாக அமைந்த அக்காட்சிச் சாலையில் ஒரு பிரிவு முழுவதும் மதிலகம் ஏடுகளுக்கு உரியது. அவற்றின் கதையே இக்கட்டுரையின் பொருள்.

மதிலகம் என்பது யாது?

மதிலுக்கு அகத்தே உள்ளது மதிலகம். பத்மநாபசுவாமி கோயிலின் அலுவலகத்தில் நாள்தோறும் எழுதிச் சேர்த்த கணக்குகளும் தீர்மானங்களும் ஆணைகளும் இப்பெயரால் வழங்குகின்றன. பதினான்காம் நூற்றாண்டு முதற்கொண்டு அவை கிடைக்கின்றன. ஓலைகளை வரிசையாகச் சேர்த்துச் சுருட்டிக் கட்டியமையால் ஒவ்வொரு கட்டும் சுருணை எனப்பட்டது. ஒரு சுருணையுள் நூற்றுக்கணக்கான ஏடுகள் அடங்கும்.

இவற்றை வெறும் வரவு செலவுக் கணக்கு என்று எண்ணுதல் தவறு. கோயிலை ஆண்ட எட்டரை யோகம் என்னும் சபையில் அரசனுக்கு அரை வாக்கு மட்டுமே உண்டு. அச்சபையின் முடிவுகள் இவ்வேடுகளில் உள்ளன. கோயிலாருக்கு இழைத்த தீங்கிற்காக மன்னரே கழுவாய் செலுத்திய செய்திகளும் உள்ளன. எல்லாவற்றிற்கும் மேலாக, கொல்லம் ஆண்டு 925 மகரம் 5ஆம் நாள், அதாவது கி.பி. 1750 சனவரியில், மார்த்தாண்டவர்மர் தம் நாடு முழுவதையும் இறைவன் திருவடியில் ஒப்படைத்துத் தம்மைப் பத்மநாபதாசர் என அறிவித்த திருப்படி தானமும் இவற்றுள் இடம்பெற்றுள்ளது. குளச்சலில் டச்சுப் படையை 1741இல் வென்ற ஒரு மன்னர், ஒன்பதே ஆண்டுகளுக்குள் முடியைத் துறக்காமலே நாட்டைத் துறந்த விந்தைக்கு ஓலையே சான்று.

எழுத்தின் புலப்பெயர்ச்சி

தமிழராகிய நாம் இங்குச் சற்று நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வேடுகள் எந்த எழுத்தில் எழுதப்பட்டன? இன்றைய மலையாள எழுத்திலன்று. வட்டெழுத்திலும், அதன் வழிவந்த கோலெழுத்து, மலையாண்மை ஆகியவற்றிலுமே பெரும்பாலும் எழுதப்பட்டன.

வட்டெழுத்து பாண்டிய நாட்டில் ஒருகாலத்தில் அரசெழுத்தாக விளங்கியது. பத்தாம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் இராசராசன் பாண்டி நாட்டைக் கைக்கொண்டபின், சோழர் வழங்கிய தமிழெழுத்து அங்கும் பரவிற்று. வட்டெழுத்து படிப்படியாக மறைந்தது. ஆனால், மலைக்கு மேற்கே வேணாட்டில் அது அழியவில்லை. பிறந்த மண்ணில் இடமிழந்த எழுத்து, வந்த மண்ணில் மேலும் எழுநூறு ஆண்டுகள் அலுவல் எழுத்தாக வாழ்ந்தது. மறுபுறம், தமிழ்நாட்டில் வடமொழி எழுதப் பயன்பட்ட கிரந்த எழுத்தே இங்கு வந்து வளர்ந்து இன்றைய மலையாள எழுத்தாயிற்று. ஆக, மறைந்ததும் நம்முடையது. நிலைத்ததும் நம்முடையதோடு உறவுடையது.

கணக்குகளிலும் இவ்வுறவு விளங்கும். மா என்றால் இருபதில் ஒன்று; காணி என்றால் எண்பதில் ஒன்று; முந்திரி என்றால் முந்நூற்றிருபதில் ஒன்று. நம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் மனப்பாடம் செய்த இக்கீழ்வாய் இலக்கங்களையே மலையாளக் கணக்கரும் கையாண்டனர். நெல்லும் பொன்னும் நிலமும் அளக்கையில் இரு மொழிக்கும் ஒரே வாய்பாடு இருந்தது.

படித்தவர்கள்

எழுத்து மாறியபின் இந்த ஏடுகளைப் படிக்க வல்லார் அருகினர். புள்ளியிடாத மெய், குறில் நெடில் வேறுபாடு காட்டாத எகரமும் ஒகரமும், இடைவெளியின்றி ஓடும் வரிகள் ஆகிய அனைத்தும் படிப்பவரைச் சோதிக்கும். எழுத்தை மட்டும் அறிந்தால் போதாது. சொல்லும் வழக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அத்தகைய அறிவுடையோர் இந்நகரில் வாழ்ந்தனர் என்பது நமக்குப் பெருமை. மனோன்மணீயம் தந்த பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) வட்டெழுத்துக் கல்வெட்டுகளைத் தேடிப் படித்துத் திருவிதாங்கூரின் பண்டை வேந்தர் பற்றி ஆராய்ச்சி நூல் எழுதினார். தொல்லியல் துறையில் து. அ. கோபிநாத ராவ் அப்பணியைத் தொடர்ந்தார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, இந்நகரின் மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், நாஞ்சில் நாட்டு அழகியபாண்டியபுரத்துப் பெரியவீட்டு முதலியார் இல்லத்தில் இருந்த ஓலைகளை ஆராய்ந்து வெளியிட்டார். ஒரு குடும்பத்தின் வீட்டில் கிடந்த நிலவோலைகளும் வழக்கோலைகளும் ஒரு நாட்டின் சமூக வரலாற்றை விளக்கின. பின்னாளில் அ. கா. பெருமாள் அவற்றை முதலியார் ஓலைகள் என நூலாக்கித் தந்தார். மலையாள மகாகவி உள்ளூர் பரமேசுவர ஐயரோ மதிலகம் ஏடுகளையே ஆராய்ந்தார்.

எண்ணியதும் எண்ணாததும்

உச்ச நீதிமன்ற ஆணைப்படி 2011 சூன் திங்களில் கோயிலின் நிலவறைகள் திறக்கப்பட்டபோது, உலகமே இந்நகரை நோக்கியது. பொற்காசுகளையும் மணிமாலைகளையும் எண்ணக் குழுக்கள் அமைந்தன; மதிப்பிடப் பலர் முன்வந்தனர். ஆயின், அப்பொருளை யார் கொடுத்தார், எதற்காகக் கொடுத்தார் என்பதைச் சொல்லவல்ல சுருணைகளுள் படிக்கப்பட்டவை மிகச் சிலவே. பொன்னுக்குப் பூட்டுப் போதும். ஏட்டிற்குக் காவல் பூட்டு அன்று, படிப்பவனே ஆவான்.

ஓலையின் வாழ்நாள் எல்லையுடையது. செல்லும் ஈரமும் அதன் பகைகள். பழைய நாளில் ஏடு சிதைந்தால் வேறோர் ஓலையில் படியெடுத்தனர். எழுத்து மங்கினால் மைக்கரி பூசித் துலக்கினர். பூச்சி அணுகாதிருக்கப் புல்தைலம் தடவினர். இன்று படமெடுத்துக் காக்கும் வசதி பெருகியுள்ளது. எனினும், படம் ஓலையின் உருவைக் காக்குமேயன்றிப் பொருளைக் காவாது.

நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகின்றனர். இதனைப் பெற்றோர் பலர் ஒரு சுமை என்று கருதி, இரண்டில் ஒன்றைக் கைவிடலாமா என எண்ணுவதுண்டு. அதிலும் பெரும்பாலும் கைவிடப்படுவது தமிழே. ஆனால், மதிலகம் ஏட்டைப் படிக்க முற்படுபவனுக்கு இவ்விரு மொழி அறிவும் ஒருங்கே வேண்டும். தமிழ் மட்டும் அறிந்தவன் மலையாள வழக்கில் இடறுவான். மலையாளம் மட்டும் அறிந்தவன் பழந்தமிழ்ச் சொல்லில் மயங்குவான். இரண்டும் இயல்பாக வாய்த்த இளைஞர் இந்நகரில் நம் இல்லங்களில்தான் மிகுதி. வட்டெழுத்தைக் கற்கப் பல ஆண்டுகள் வேண்டா. ஆர்வமும் சில திங்கள் பயிற்சியும் இருந்தால் எழுத்துகளை இனங்காணலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளைக் கோயிலுக்கு அழைத்துச் செல்வோர், அவ்வழியே இந்தக் காட்சிச் சாலைக்கும் அழைத்துச் செல்வாராக. நம் சங்கமும் ஆண்டுதோறும் ஓரிருவரையேனும் இவ்வெழுத்துப் பயிற்சிக்கு ஊக்கி அனுப்புமாயின், நமக்கு வாழ்வளித்த இந்நாட்டிற்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாக அது அமையும்.