மலைக்கு எட்டாத சட்டம்: சிறார் உழைப்பு வரலாற்றில் ஒரு விலக்கு

சிறார் உழைப்பின் வரலாற்றை எழுதுவோர் சிவகாசியிலிருந்து தொடங்குவது வழக்கம். தீப்பெட்டியும் பட்டாசும் செய்த பிஞ்சுக் கைகளை நாடறியும். ஆனால் பழனிமலையின் மேற்குப் பகுதியில், கவுஞ்சி, மன்னவனூர் ஆகிய ஊர்களை அடுத்துள்ள போளூரில் நின்று இவ்வரலாற்றை நோக்குவோமாயின் வேறொரு காட்சி தோன்றுகிறது. அங்கே ஆலைச் சங்கு ஊதுவதில்லை. உருளைக்கிழங்கும் கேரட்டும் பூண்டும் விளையும் சரிவு நிலங்களே வாழ்வின் ஆதாரம். கிழங்கு பொறுக்குதல், விதைப்பூண்டைப் பல் பல்லாகப் பிரித்தல், மாடு மேய்த்தல் ஆகியன இத்தகைய மலைக்கிராமங்களில் பிள்ளைகளும் கைகொடுக்கும் வேலைகள். இவ்வேலைகள் சட்டத்தின் கண்ணில் பட்டது எப்பொழுது என்பதே நமது வினா.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் பிறந்தது. இரக்கம் மட்டுமே அதற்குக் காரணமன்று. மலிவான இந்தியக் கூலியைக் கண்டு அஞ்சிய லங்காஷயர் ஆலை முதலாளிகளின் வற்புறுத்தலும் அதில் கலந்திருந்தது. இயந்திர விசையுடன் 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களையே அது தொட்டது. ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைத்தலாகாது என்றும், பன்னிரண்டு வயது வரை நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமே வேலை என்றும் விதித்தது. தேயிலை, காப்பித் தோட்டங்களோ அன்றே விலக்குப் பெற்றன. 1891இல் வயது ஒன்பதாகவும், 1922இல் பன்னிரண்டாகவும் உயர்ந்தது. வேலை நேரமும் ஏழு, ஆறு எனக் குறைந்தது. வயல் எங்கும் பேசப்படவில்லை.

இங்கே நம் திருச்சபை வரலாற்றையும் சற்றே நினைவுகூர வேண்டும். 1780இல் இங்கிலாந்தின் குளோஸ்டர் நகரில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கிய ஓய்வுநாள் பள்ளி ஞாயிறன்று நடந்ததன் காரணம், ஏனைய ஆறு நாட்களும் அப்பிள்ளைகள் வேலையில் இருந்தனர் என்பதே. அது அவர்களுக்கு எழுத்தறிவித்தது. அந்த ஆறு நாட்களைக் கேள்விக்குட்படுத்தவில்லை. அக்கேள்வியை நாடாளுமன்றத்தில் விடாது எழுப்பியவர் பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு எனப் பெயர்பெற்ற ஆஷ்லி. அவரும் ஆழ்ந்த சுவிசேஷப் பற்றுடையவரே.

நம் நாட்டில் உண்மையான திருப்பம் விட்லி என்பாரின் தலைமையில் 1929இல் அமைந்த தொழிலாளர் அரச ஆணையத்தால் வந்தது. 1931இல் வெளியான அதன் அறிக்கை, சட்டம் எட்டாத சில தொழிற்கூடங்களில் ஐந்து வயதுப் பிள்ளைகளும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் இரண்டணாக் கூலிக்கு உழைத்ததை எடுத்துரைத்தது. அதனினும் கொடியது, பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளைகளின் உழைப்பை ஈடு வைத்தமை. அமிர்தசரஸ், அகமதாபாத், சென்னை எனத் தொலைவான இடங்களிலும் இவ்வழக்கம் காணப்பட்டது. இதன் விளைவாக 1933இல் சிறார் உழைப்பை ஈடுவைத்தல் பற்றிய சட்டம் எழுந்தது. அது இடத்தைப் பார்க்கவில்லை, உடன்படிக்கையைப் பார்த்தது. ஆகவே கடனுக்காகப் பண்ணையில் மாடு மேய்க்க விடப்பட்ட சிறுவனையும், ஏட்டளவிலேனும், அது எட்டியது.

ஆனால் தண்டனையைக் கவனியுங்கள். ஈடு வைத்த தகப்பனுக்கு 50 ரூபாய் வரை அபராதம். அறிந்து வேலை வாங்கிய முதலாளிக்கு 200 ரூபாய் வரை. நெகேமியா ஐந்தாம் அதிகாரத்தைப் போதிக்கும் நமக்கு இவ்விடம் உறுத்தவே செய்யும். நிலத்தையும் பிள்ளைகளையும் கடனுக்கு இழந்தோர் முறையிட்டபோது, நெகேமியா பெற்றோரைக் கடிந்துகொள்ளவில்லை; பிரபுக்களையும் அதிகாரிகளையும் அழைத்து நிலத்தையும் வட்டியையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். கடனைத் தொடாமல் தகப்பனைத் தண்டிக்கும் சட்டம் பாதிச் சட்டமே என்பது நம் கருத்து. கொத்தடிமைக் கடன்களையே செல்லாதவையாக்கிய சட்டம் 1976இல்தான் வந்தது.

1938ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் மறு ஆண்டுத் திருத்தமும் பீடி, தீப்பெட்டி, பட்டாசு, கம்பளம் முதலிய தொழிற்கூடங்களில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோரைத் தடுத்தன. கூடவே ஒரு விலக்கும் நுழைந்தது: கூலியாள் இன்றிக் குடும்பத்தார் மட்டுமே வேலை செய்யும் கூடத்துக்குத் தடை இல்லை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பர், சின்கோனா தோட்டங்களுக்கு வந்தபோது, 25 ஏக்கரும் 30 தொழிலாளரும் இருந்தால்தான் பொருந்தும் என்றது. பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிடும் சிறு நிலத்துக்கு அதில் இடமேது? 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பண்ணை’ என்னும் சொல் இடம்பெற்றது. எனினும் தடையன்று, ஆறு மணி நேர வரம்பு முதலிய ஒழுங்குகளே அதற்குக் கிடைத்தன. பதினான்கு வயதுக்குட்பட்டோரை எல்லாத் தொழில்களிலும் தடுத்தது 2016ஆம் ஆண்டுத் திருத்தமே. அப்போதும் பழைய விலக்கு உயிரோடிருந்தது: பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத வேலையில், குடும்பத்துக்கு உதவலாம்.

இவ்விலக்கு முழுவதும் தவறென்று நாம் சொல்லோம். தாயோடு பூண்டு பிரிக்கும் பிள்ளை பயிரையும் மண்ணையும் கற்கிறது. ஆனால் அறுவடைக் காலத்தில் பள்ளி வருகைப் பதிவேடு மெலியுமாயின், அவ்வுதவி சட்டம் அனுமதித்த உதவியன்று.

மலையிலிருந்து நகரத்துக்கு அனுப்பப்படும் பிள்ளையின் நிலை வேறு. வீட்டு வேலையிலும் உணவகங்களிலும் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வைத்தல் 2006 அக்டோபர் முதல் தடை செய்யப்பட்டது. நம் சபை அங்கத்தினர் இல்லங்களில் இத்தகைய சிறுமியை ‘எங்கள் வீட்டுப் பிள்ளை’ என்று அறிமுகப்படுத்துதல் உண்டு. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பம் என்பதில் தாய், தந்தை, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோர் ஆகியோரையே குறிப்பிடுகிறது. எசமானும் எசமானியும் அப்பட்டியலில் இல்லை.