ஸ்டாஃப் ரூம் விருந்துக்கு மரவள்ளி கொண்டுபோகலாமா?



கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் இருக்கும்போது வாசியுங்கள்.

தவணை முடியப் போகிறது. எங்கள் ஸ்டாஃப் ரூமில் 'பொட்லக்' பேச்சு ஆரம்பமாகிவிட்டது. ஆளுக்கொரு சாப்பாடு வீட்டிலிருந்து கொண்டுவந்து, மேசையில் பரப்பி, எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பேச்சு வந்தாலே எனக்கு ஒரு பழைய ஞாபகம் வந்து நெஞ்சைக் குத்தும்.

சில வருடங்களுக்கு முன் வேறொரு பாடசாலையில் வேலை செய்தேன். அங்கே விருந்துப் பட்டியல் எழுதியவன் நான்தான். கோழிப் பொரியல், ஃபிரைட் ரைஸ், இறால், வட்டிலப்பம், சலாது என்று உணவின் பெயர்களை நானே எழுதினேன். எதிரில் ஆளின் பெயரை மட்டும் போடச் சொல்லிச் சுற்றவிட்டேன். சலாது, அப்பளம் போன்ற மலிவான வரிகள் முதல் ஐந்து நிமிடத்திலேயே நிரம்பிவிட்டன. பட்டியல் கடைசியாகப் போய்ச் சேர்ந்த டீச்சருக்கு மிஞ்சியது கோழிப் பொரியல் மட்டும். அவர் ஒன்றும் பேசாமல் கையெழுத்துப் போட்டார். விருந்தன்று அவர் லீவு. காய்ச்சல் என்று செய்தி வந்தது. "டீச்சர் ஏமாத்திட்டா" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். அவருடைய கணவருக்கு மூன்று மாதமாகக் கடலில் தொழில் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. முப்பது பேருக்குக் கோழி என்றால் என்ன செலவு என்று பட்டியல் எழுதிய எனக்கு யோசனையே வரவில்லை.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். அதனால் இந்தச் சேர்ந்து சாப்பிடும் வழக்கத்தின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கித் தேடிப் பார்த்தேன்.

பொட்லக் என்பது ஆங்கிலச் சொல். நினைக்காத நேரத்தில் விருந்தாளி வந்தால், அன்றைக்குப் பானையில் என்ன கிடக்கிறதோ அதைக் கொடுப்பது. அதுதான் அதன் பழைய பொருள். ஆளுக்கொரு சட்டி கொண்டுவருவது என்ற பொருள் பிற்காலத்தில் அமெரிக்கப் பழக்கத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆக, சொல்லிலேயே 'இருப்பதைக் கொடு' என்றுதான் இருக்கிறது. 'இல்லாததை வாங்கி வா' என்று இல்லை.

எங்கள் மார்க்க வரலாற்றில் இதைவிடத் தெளிவான சம்பவம் உண்டு. ஹிஜ்ரி 9, கி.பி. 630. தபூக் பயணம். கடும் வெயில், நீண்ட வழி. பட்டினி தாங்காமல், சவாரி ஒட்டகங்களை அறுத்துச் சாப்பிடலாமா என்று சஹாபாக்கள் கேட்கிறார்கள். அறுத்துவிட்டால் ஏறிப்போக வாகனம் குறைந்துவிடும், எல்லோரிடமும் மிஞ்சியிருப்பதைக் கொண்டுவரச் சொல்லுங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் யோசனை சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு தோல் விரிப்பை விரிக்கச் சொன்னார்கள். ஒருவர் ஒரு கைப்பிடி சோளம் கொண்டுவந்தார். இன்னொருவர் ஒரு கைப்பிடி பேரீச்சம்பழம். வேறொருவர் ஒரு துண்டு ரொட்டி. விரிப்பில் சேர்ந்ததோ கொஞ்சம்தான். அதில் பரக்கத்துக்குத் துஆச் செய்த பிறகு எல்லோரும் வயிறாறச் சாப்பிட்டு மிச்சமும் இருந்தது என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள அறிவிப்பு. அற்புதத்தைப் பற்றி உலமாக்கள் பேசுவார்கள். என் கண் அந்த ஒரு துண்டு ரொட்டியில்தான் நிற்கிறது. அதைக் கொண்டுவந்தவர் வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடவில்லை.

யெமனிலிருந்து வந்த அஷ்அரீ கோத்திரத்தாருக்கும் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. உணவு குறைந்துவிட்டால், எல்லா வீட்டிலும் உள்ளதை ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் அளந்து சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். அவர்கள் என்னைச் சேர்ந்தவர்கள் என்று நபியவர்கள் மெச்சியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியிருக்கிறது. கொட்டிய பிறகு யாருடையது எது என்று எவருக்கும் தெரியாது. நமது மேசையில் அப்படியில்லையே. எந்த டப்பா யாருடையது, எது முதலில் காலியானது, எது மூடியபடியே திரும்பிப் போனது என்பதெல்லாம் அப்பட்டமாகத் தெரியும்.

நமது ஊர்ப்பக்கத்து வழக்கங்களும் இதே மாதிரிதான் இருந்தன. உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை வேறு பானையில் எடுத்து வைப்பது, அது சேர்ந்ததும் பள்ளிவாசலுக்கோ மதரசாவுக்கோ கொடுப்பது. பிடியரிசி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். ரமழானில் நோன்புக் கஞ்சியும் அப்படித்தான். யாரோ ஒருவர் அரிசி தருவார், யாரோ தேங்காய் தருவார், யாரோ இறைச்சி தருவார். அஸருக்குப் பிறகு வாளியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு எது எவருடையது என்று தெரியாது. சஹன் சாப்பாட்டில் ஆறு பேர் ஒரே தட்டைச் சுற்றி அமர்கிறோம். பணக்காரனுக்கு வேறு தட்டு கிடையாது. கந்தூரிச் சோறும் இந்த வகைதான். அது கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை, தயவுசெய்து என்னை இழுக்காதீர்கள்.

அப்படியிருக்க, மரவள்ளிக்கிழங்கைக் கொண்டுபோக ஏன் கூசுகிறது? இந்தக் கூச்சத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

மரவள்ளி தென்னமெரிக்கக் கிழங்கு. டச்சுக்காரர் காலத்தின் கடைசியில் இலங்கைக்கு வந்தது. நீண்ட காலம் அது தோட்டத்து மூலையில் கிடந்த பயிர்தான். 1942 மார்ச்சில் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. அப்போது நாம் சாப்பிட்ட அரிசியில் பெரும் பகுதி பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. கப்பல் நின்றது. அரிசிக்குப் பங்கீடும் கூப்பனும் வந்தன. கோதுமை மாவும் பாணும் கிராமம் வரை நுழைந்தது அந்தக் காலத்தில்தான். இந்நாட்டில் ஒரு மணி கோதுமை விளையாது, ஆனால் தேங்காய் ரொட்டி இன்று நமது 'பழைய' சாப்பாடு! போருக்குப் பிறகும் அரிசி அரசியலை விட்டுப் போகவில்லை. 1953இல் கூப்பன் அரிசியின் விலையைக் கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

எங்கள் வீடுகளில் இன்னும் பேசப்படுவது 1970களின் பஞ்சம்தான். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அரிசி கொண்டுபோகத் தடை, வழியில் சோதனை. பாணுக்கு விடியுமுன் வரிசை. உம்மும்மா சொல்வார்: காலையில் மரவள்ளி, இரவிலும் மரவள்ளி, விருந்தாளி வந்தால் மட்டும் அரிசிப் பானையின் மூடி திறக்கும். 1977க்குப் பிறகு கடைகள் நிறைந்தன, மத்திய கிழக்குப் பணமும் வரத் தொடங்கியது. அப்போது எங்கள் ஆட்கள் முதலில் மறக்க விரும்பியது அந்தக் கிழங்கைத்தான். 'மரவள்ளி தின்ற காலம்' என்பதே ஒரு வசவு மாதிரி ஆகிவிட்டது. புரோய்லர் கோழியும் ஃபிரைட் ரைஸும் மரியாதையின் அளவுகோலாகின. பிழை கிழங்கின்மேல் இல்லை. அந்தக் காலத்தை நினைக்க எங்களுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு 1990. இதை எழுதாமல் கடந்து போக முடியாது. அந்த ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். யாழ்ப்பாணத்தில் கிடைத்த அவகாசம் சில மணித்தியாலங்கள்தான். மன்னார்த் தீவிலிருந்து பெரும்பாலானோர் படகில் கல்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கினார்கள். பள்ளிவாசல்களிலும் பாடசாலைகளிலும் தென்னந்தோப்புகளிலும் தங்கினார்கள். புத்தளத்து மக்கள் வீட்டில் இருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சோறு, ரொட்டி, கஞ்சி, கிழங்கு. யாரும் அப்போது பட்டியல் எழுதவில்லை. பிற்பாடு நிவாரண அரிசியிலும் மாவிலும் பருப்பிலும் கிடுகுக் குடில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும்: வருடங்கள் போகப் போக வேலைக்கும் காணிக்கும் பல்கலைக்கழக இடத்துக்கும் போட்டி வந்தது. 'அகதி' என்ற சொல் வசையாகவும் புழங்கியது. முதல் நாள் ரொட்டி கொடுத்த வாயே அதையும் சொன்னது. அந்தக் குடில்களில் பிறந்தவர்கள் இன்று எங்களோடு அதே மேசையில் இருந்து கொப்பி திருத்துகிறார்கள். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சேர், ரொட்டியும் பருப்பும் எங்களுக்கு மலிவான சாப்பாடு இல்ல. அதுலதான் உசிரோட இருந்தோம்."

இன்னொரு விஷயம். எங்கள் பகுதியில் மூன்று சமூகமும் ஒன்றாக வேலை செய்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், கொத்து ரொட்டியில் மலட்டு மாத்திரை போடுகிறார்கள் என்ற வதந்தியில் முஸ்லிம் கடையை அடித்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்தபோது அது வெறும் மாக்கட்டி. அடுத்த வருடம் மே மாதத்தில் எங்கள் மாவட்டத்திலேயே, கொட்டாரமுல்லையில், ஓர் உயிர் போனது. அதற்குப் பிறகு ஒரு சிங்கள மிஸ் முஸ்லிம் டீச்சரின் டப்பாவில் கைவைத்துச் சாப்பிடுவது சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் சொல்கிறேன், மாட்டிறைச்சிப் பிரியாணி கொண்டுபோனால் மேசையில் பாதிப் பேர் தள்ளி நிற்பார்கள். இந்து ஆசிரியர் தொடமாட்டார், மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர் தொடமாட்டார். அவர்கள் கொண்டுவரும் கோழி ஹலாலா என்று கேட்க நமக்கும் கூச்சம். அவித்த கிழங்குக்கும் கௌபிக்கும் இந்தக் கேள்வி எதுவும் இல்லை. மேசையில் எல்லாக் கையும் போகிற ஒரே தட்டு அநேகமாக மலிவான தட்டுதான்.

2022ஐ மறந்திருக்கமாட்டீர்கள். அந்த செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரச ஊழியர் வீட்டில் பயிர் செய்யட்டும் என்று வெள்ளிக்கிழமையை லீவாக்கிய நாடு இது. அப்போது கூச்சமில்லாமல் எல்லோரும் மரவள்ளி நட்டோம். விலை கொஞ்சம் இறங்கியதும் மீண்டும் மறந்துவிட்டோம்.

சரி, என்ன கொண்டுபோகலாம்? என் வீட்டில் பரீட்சித்தவற்றை மட்டும் சொல்கிறேன். (பரீட்சித்தது என்றால் மனைவி சமைக்க நான் தேங்காய் துருவினேன். ஆண் ஆசிரியர்கள் நாம் பட்டியலில் பெயரைப் போடுகிறோம், அடுப்படியில் நிற்பது வேறு ஆள்.)

மூன்று கிலோ மரவள்ளி இருபது பேருக்குப் போதும், ஆளுக்கு இரண்டு மூன்று துண்டு. அன்று அல்லது முதல் நாள் கிண்டிய கிழங்காகப் பாருங்கள். வெட்டும்போது உள்ளே நீலக்கோடு தெரிந்தால் வேண்டாம். மஞ்சளும் உப்பும் போட்டு, மூடாமல் அவித்து, தண்ணீரை வடித்து ஊற்றிவிடுங்கள். ஆறினால் கிழங்கு இறுகிவிடும், அதுதான் இதன் குறை. அதனால் சூட்டோடு வாழையிலையில் பொதிந்து டப்பாவில் வைக்க வேண்டும். இண்டர்வல் வரை தாங்கும்.

தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பல். இந்தச் சம்பலைப் பற்றி ஒரு பாடமே நடத்தலாம். வெங்காயம் கல்பிட்டியில் விளைகிறது. உப்பு நமது புத்தளத்து உப்பளத்தில். கொச்சிக்காய் போர்த்துக்கேயரோடு அமெரிக்காவிலிருந்து வந்தது. மாசி மாலைதீவிலிருந்து. இப்னு பதூதா மாலைதீவில் காழியாக இருந்துவிட்டு 1344இல் நமது புத்தளத்துக்கு வந்து இறங்கியவர். அங்கே மீனை அவித்து, ஓலைக்கூடையில் புகை போட்டுக் காயவைத்து, இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புவதைத் தன் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார். அதே மாசியைத்தான் நாமும் இடிக்கிறோம். மரக்கறிக்காரர் இருந்தால் மாசி போடாமல் ஒரு சின்னக் கிண்ணம் தனியாக எடுத்து வையுங்கள்.

கௌபி ஒரு கிலோவை இரவே ஊறப்போட்டு அவித்து, தேங்காய்ப்பூவும் தாளித்த வெங்காயமும் செத்தல் மிளகாயும் கலந்தால் இருபத்தைந்து பேருக்கு வரும். ஆறினாலும் ருசி கெடாது. நேரமில்லாதவர்களுக்கு இதுதான் சிறந்தது. ஒரு கிலோ மாவுக்கு ஒரு பெரிய தேங்காய் சேர்த்தால் சுமார் இருபது ரொட்டி, நான்காக வெட்டினால் எண்பது துண்டு. கஜு? வண்ணாத்திவில்லுக்காரர் கஜு கொண்டுவராமலா என்று வெளியூர் ஆட்கள் கேட்பார்கள். மரம் நம்மிடம், விலை கொழும்பில். அதை விட்டுவிடுங்கள்.

இந்த முறையும் பட்டியல் எழுதும் வேலை என்னிடம்தான் வந்திருக்கிறது. உணவின் பெயர் எதையும் நான் எழுதவில்லை. வெறும் தாளைச் சுற்றவிட்டேன். முதல் வரியில் என் பெயர், பக்கத்தில் மரவள்ளிக்கிழங்கு. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்தபோது இரண்டாவது வரியில் கட்டைச்சம்பல் இருந்தது, மூன்றாவதில் ஒரு சிங்கள மிஸ் பாற்சோறு என்று எழுதியிருந்தார். அதிபர் பிளேன்ரீக்குச் சீனி தருகிறாராம்.