மேஜிக் சீட்டாட்டத்தில் கட்டு உத்திகளின் வரலாறு

மேஜிக்: த கேதரிங் என்பது மந்திரவாதிகளின் போரைக் கருவாகக் கொண்ட, சீட்டுகளைச் சேகரித்தும் மாற்றிக்கொண்டும் ஆடப்படும் ஒரு சீட்டாட்டம் ஆகும். கணிதவியலாளரான ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய இவ்வாட்டத்தை அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்டது. ஒவ்வோர் ஆட்டக்காரரும் தமக்கான சீட்டுக்கட்டைத் தாமே அமைத்துக்கொள்வதால், ஆட்டத்தின் பாதி கட்டை அமைக்கும்போதே தீர்மானிக்கப்படுகிறது. இருவர் ஆட்டத்தில் உருவான கட்டு உத்திகள், நால்வர் ஆடும் கமாண்டர் வடிவத்தில் பெரிதும் மாறிப்போயின.

இருவர் ஆட்டத்தின் மூன்று உத்திகள்

தொடக்கத்தில் ஒரே சீட்டை எத்தனை முறை வேண்டுமானாலும் கட்டில் சேர்க்க முடிந்தது. 1994 ஆம் ஆண்டில் போட்டி விதிகள் ஒரு சீட்டுக்கு நான்கு படிகள் என வரம்பிட்டன. அதன்பின் தெளிவான உத்திகள் உருவாயின.

முதலாவது, கட்டுப்பாட்டு உத்தி. 1990களின் நடுப்பகுதியில் பிரையன் வைஸ்மன் அமைத்த 'த டெக்' என்னும் கட்டு இதற்கு முன்னோடி. எதிராளியின் ஒவ்வொரு முயற்சியையும் முறியடித்து, அவரைவிட அதிகச் சீட்டுகளைக் கையில் வைத்திருப்பதே இதன் நோக்கம். வெற்றி பெறுவதற்கான சீட்டுகள் அதில் மிகச் சிலவே இருந்தன.

இரண்டாவது, விரைவுத் தாக்குதல் உத்தி. ஜே ஷ்னைடர் வடிவமைத்த சிவப்பு நிறக் கட்டுடன் பால் ஸ்லை 1996 ஆம் ஆண்டு அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில் ஆடினார். ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கும் மானா எனும் மந்திர ஆற்றல் வீணாகாதபடி, மலிவான சீட்டுகளை விலை வரிசையில் அடுக்கியதே இக்கட்டின் புதுமை. அது 'ஸ்லை' என்றே பெயர் பெற்றது.

மூன்றாவது, கூட்டு உத்தி. தனித்தனியே வலுவற்ற சில சீட்டுகள் சேரும்போது ஆட்டமே முடிந்துவிடும். 1997 ஆம் ஆண்டு பாரிஸ் புரோ டூர் போட்டியில் மைக் லாங் 'பிராஸ்புளூம்' என்ற இவ்வகைக் கட்டுடன் வென்றார்.

கமாண்டர் வடிவம்

1994 இல் வெளிவந்த லெஜண்ட்ஸ் தொகுப்பில் ஐந்து மூத்த டிராகன்கள் இடம்பெற்றன. அவற்றைத் தலைமைச் சீட்டாகக் கொண்டு, அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியும் அவருடைய நண்பர்களும் ஒரு புதிய ஆட்டமுறையைத் தொடங்கினர். போட்டி நடுவரான ஷெல்டன் மெனரி அதைப் பரப்பினார். 2011 முதல் நிறுவனமே இதற்கான ஆயத்தக் கட்டுகளை விற்கத் தொடங்கியது. கட்டில் 100 சீட்டுகள் இருக்கும். அடிப்படை நிலச் சீட்டுகளைத் தவிர எதுவும் இருமுறை வரக்கூடாது. வழக்கமான 20 உயிர்ப்புள்ளிகளுக்குப் பதிலாக ஒவ்வொருவருக்கும் 40 புள்ளிகள் உண்டு. ஒரே தலைமைச் சீட்டின் தாக்குதலால் 21 புள்ளிச் சேதம் அடைந்தவர் தோற்பார். 7 வலிமை கொண்ட டிராகனின் மூன்று அடிகள் என்பதே இக்கணக்கு.

உத்திகளின் மாற்றம்

ஒரு மானாவில் 3 புள்ளிச் சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' சீட்டை எடுத்துக்கொள்ளலாம். இருவர் ஆட்டத்தில் எதிராளியை வீழ்த்த இத்தகைய அடிகள் 7 போதும். கமாண்டரில் ஒருவருக்கு 14 வீதம் மூவருக்கு 42 அடிகள் தேவை. அத்துடன் முதலில் தாக்குபவர் மற்ற மூவரின் பகையையும் தேடிக்கொள்கிறார். இதனால் விரைவுத் தாக்குதல் உத்தி வலுவிழந்தது.

கட்டுப்பாட்டு உத்தியிலும் கணக்கு மாறியது. ஒரு சீட்டைச் செலவிட்டு ஓர் எதிராளியின் சீட்டை அழித்தால் இருவருக்கும் இழப்பு. வேடிக்கை பார்த்த மற்ற இருவருக்கே ஆதாயம். எனவே எல்லா உயிரிகளையும் ஒரே நேரத்தில் அழிக்கும் 'ராத் ஆஃப் காட்' போன்ற சீட்டுகள் மதிப்புப் பெற்றன. யாரை எப்போது தாக்குவது என்ற பேச்சுவார்த்தையும் உத்தியின் பகுதியானது.

கூட்டு உத்திக்கோ எதிராளிகளின் எண்ணிக்கை பெரிய தடையாகவில்லை. முடிவின்றி மீளும் ஒரு சுழற்சி மூவரையும் ஒரே சுற்றில் வீழ்த்திவிடும். பொழுதுபோக்குக்காக ஆட அமர்ந்தவர்களின் ஆட்டம், அவர்கள் கட்டில் சேர்த்த சீட்டுகளை ஆடிப்பார்க்கும் முன்பே முடிந்துவிடுவது ஒரு பெரும் சிக்கலானது. ஆட்டத்துக்கு முன்பே கட்டின் வலிமையைப் பேசி ஒத்துக்கொள்ளும் வழக்கம் இதனால் வேரூன்றியது.

2024 தடையும் அதன் விளைவும்

இவ்வடிவத்தின் விதிகளை நிறுவனத்தைச் சாராத தன்னார்வக் குழு ஒன்று கவனித்து வந்தது. 2024 செப்டம்பரில் அக்குழு நான்கு சீட்டுகளைத் தடைசெய்தது. அவற்றுள் 'மானா கிரிப்ட்', 'ஜுவல்டு லோட்டஸ்', 'டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட்' ஆகிய மூன்றும் மிக விரைவில் மிகுந்த மானாவைத் தருபவை. ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒருவர் எட்டமுடியாத அளவு முன்னேறுவதைத் தடுப்பதே நோக்கம். ஆனால் அவற்றுள் சில அதிக விலைக்கு வாங்கப்பட்டவை. எதிர்ப்பு மிரட்டல்களாக மாறவே, அம்மாத இறுதியில் பொறுப்பு விசார்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் நிறுவனம் கட்டுகளை வலிமைப்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கும் முறையைச் சோதனையாக அறிமுகப்படுத்தியது. எளிய கட்டு முதல் நிலையிலும், போட்டிக்கென்றே கூர்மைப்படுத்திய கட்டு ஐந்தாம் நிலையிலும் வைக்கப்படுகின்றன.