ஒரு ட்வீட்டும் மூன்று வருட விசாரணையும்

"பிள்ளைக்குப் பால் குடுக்கிறவள் பூக்கோவா சாப்பிடக்கூடாது, பிள்ளைக்கு வாய்வு வரும்" எண்டு எங்கட அம்மம்மா சொல்லுவா. ஏன் எண்டு கேட்டால் பதில் வராது, பேச்சுத்தான் விழும்.

இதே பயம் தென்னாபிரிக்காவில் ஒரு தாய்க்கும் இருந்தது. அவர் கேட்டது அம்மம்மாவிடம் இல்லை, ட்விட்டரில். 2014 பெப்ரவரியில் அவர் எழுதிய கேள்வி இதுதான்: காபோவைதரேற்றைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டும் உணவுமுறை பாலூட்டும் தாய்மாருக்குச் சரியா? பாற்பொருட்களும் பூக்கோவாவும் பிள்ளைக்கு வாய்வைத் தராதா?

பதில் சொன்னவர் பேராசிரியர் டிம் நோக்ஸ். பிள்ளை அவற்றைச் சாப்பிடுவதில்லை, தாய்ப்பாலைத்தான் குடிக்கிறது. பால் மறக்கடிக்கும்போது பிள்ளையையும் இதே உணவுமுறைக்குப் பழக்குவதுதான் முக்கியம் என்றார். சில வரிகள்தான். ஆனால் அந்தக் கடைசி வரியில்தான் பிரச்சினை தொடங்கியது.

நோக்ஸ் பதிவுபெற்ற வைத்தியர், விளையாட்டு விஞ்ஞானத்தில் பெரிய பெயர். ஒரு காலத்தில் ஓட்டக்காரர்களுக்குக் காபோவைதரேற்றை நிறையச் சாப்பிடச் சொன்னவரும் அவரே. தனக்கே நீரிழிவு வந்தபிறகு மற்றப் பக்கம் திரும்பினார். அன்று தென்னாபிரிக்க உணவியலாளர் சங்கத்தின் தலைவியாக இருந்த கிளேர் ஜுல்சிங் ஸ்ட்ரைடம், சுகாதாரத் தொழில்வாண்மைச் சபையிடம் அவர்மேல் முறைப்பாடு செய்தார். நேரில் பார்க்காத ஒரு குழந்தைக்கு, வழமைக்கு மாறான ஆலோசனையைப் பொதுவெளியில் கொடுத்தது தொழில் ஒழுக்கத்துக்குப் பொருந்தாது என்பதே குற்றச்சாட்டு.

2015இல் விசாரணை தொடங்கி, பல தடவை தள்ளிப்போனது. சட்டத்தரணிகள், நிபுணர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த சாட்சிகள் என்று அது நீண்டது. 2017 ஏப்ரல் 21இல் ஐந்து பேர் கொண்ட குழுவில் நான்கு பேர் நோக்ஸ் குற்றவாளி இல்லை என்றனர். ட்விட்டரில் கேள்வி கேட்ட ஒருவரோடு வைத்தியர் - நோயாளி உறவு இருந்ததாக நிரூபிக்கப்படவில்லை, ஆபத்தும் நிரூபிக்கப்படவில்லை என்பது அவர்களின் முடிவு. சபை மேன்முறையீடு செய்தது. 2018இல் அதுவும் தோற்றது.

இதைப் பலர் "அந்த உணவுமுறை வென்றுவிட்டது" என்று வாசிக்கிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. குழு பார்த்தது ஒருவரின் நடத்தையை. பிள்ளைக்கு எதை ஊட்டவேணும் என்பது நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் தீர்கிற விசயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நோக்ஸை ஏன் விசாரிக்க முடிந்தது? அவர் பதிவேட்டில் இருந்தார். இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பிரித்தானியாவில் பார்க்கலாம். அங்கே 'உணவியலாளர்' என்பது சட்டம் காக்கும் பட்டம். பதிவில்லாமல் அந்தப் பெயரைப் போடமுடியாது, பிழைவிட்டால் பதிவை இழக்கலாம். 'போசாக்கு நிபுணர்' என்ற பெயருக்கு அந்தச் சட்டக் காவல் இல்லை. 2004இல் தொடங்கிய தொலைக்காட்சி நிகழ்ச்சியால் பிரபலமான ஜிலியன் மக்கீத், தன் பெயருக்கு முன்னால் 'டொக்டர்' போட்டுக்கொண்டார். அவர் வைத்தியர் இல்லை. அந்தக் கலாநிதிப் பட்டமும் அங்கீகாரமில்லாத அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் தபால்வழி படித்து எடுத்தது. விளம்பரத் தர நிர்ணய அமைப்புக்கு முறைப்பாடு போனபிறகு, 2007இல் விளம்பரங்களில் அந்தச் சொல்லை விட ஒத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

ஆக, பதிவுள்ளவர் சில வரிகளுக்கு வருடக்கணக்காகப் பதில் சொல்லவேண்டியிருந்தது. பதிவில்லாதவர் ஒரு சொல்லை எடுத்ததோடு முடிந்தது. அதற்காகப் பதிவேடே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டன். தவறான ஆலோசனையால் ஒரு பிள்ளை பாதிக்கப்பட்டால், அந்தத் தாய் போய் நிற்க ஒரு கதவு வேணும். அந்தக் கதவு காயப்பட்டவர்களுக்காகத் திறக்கவேணும். கருத்து வேறுபாட்டை அறிவியல் வாதமாகத்தான் தீர்க்கவேணும்.

இப்ப எங்கட ஃபோனிலும் 'டயட்' சொல்லித் தாற முகங்கள் நிறைய. அடுத்தமுறை ஒன்றைப் பின்பற்ற முதல் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கோ: இவர் சொன்னது பிழைச்சால், நான் யாரிட்டப் போய் முறைப்பாடு செய்யலாம்?