நாச்சோம்-இயா கும்பாசர்

நாச்சோம்-இயா கும்பாசர், ஒரு ஜாஸ் பாடகியின் ஏற்றத்தையும் சரிவையும் சொல்லும் கொங்கணித் திரைப்படம். இயக்கியவர் பர்த்ராய் பரெட்டோ. பெயர்கள் மாற்றப்பட்டிருந்தாலும், கோவா இசையுலகில் இன்றும் பேசப்படும் கிறிஸ் பெர்ரி, லோர்னா கோர்டேரோ ஆகிய இருவரின் வாழ்க்கையே இதன் மூலம்.

கதை 1960, 70களின் பம்பாயில் நடக்கிறது. டிரம்பெட் கலைஞரும் குழுத் தலைவருமான லாவ்ரி (விஜய் மௌர்யா), டோனா (பலோமி கோஷ்) என்ற இளம்பெண்ணின் குரலில் மயங்கித் தன் குழுவில் சேர்த்துக்கொள்கிறார். ஆசான், மாணவி என்றிருந்த உறவு காதலாகிறது. லாவ்ரி ஏற்கெனவே மணமானவர். உறவு முறிந்தபோது டோனாவிடமிருந்து மேடையும் பறிபோகிறது. குடியும் தனிமையுமே மிஞ்சுகின்றன.

படத்தின் உயிர் அதன் பாடல்களில் இருக்கிறது. கிறிஸ் பெர்ரி முன்பே மெட்டமைத்துப் புகழ்பெற்றிருந்த ஏறத்தாழ இருபது கொங்கணிப் பாடல்களைக் கோத்து, அவற்றுக்கிடையே கதையை ஓடவிட்டிருக்கிறார்கள். படத்தின் பெயரே அவற்றில் ஒன்று. ‘பெப்தோ’ குடிகாரனைப் பற்றிய பாட்டு. டோனாவின் பிற்கால நிலையை அறிந்தவர்களுக்கு அந்தத் துள்ளல் தாளமே வலிக்கும். காதலும் பிரிவும் வசனத்தைவிட இந்த மெட்டுகளில்தான் அழுத்தமாக வெளிப்படுகின்றன.

கோவாவின் மார்கோவில் 1928இல் பிறந்த பெர்ரி, டிரம்பெட், சாக்ஸபோன் இரண்டும் வாசித்தவர், 2002இல் மறைந்தார். பம்பாயில் 1946இல் பிறந்த லோர்னா, இருபதாண்டுக்கும் மேல் பாடாதிருந்து, இசைக்கலைஞர் ரோனி மொன்செராத்தின் வற்புறுத்தலால் 1995இல் ‘ஹலோ லோர்னா’ தொகுப்புடன் திரும்பினார். பம்பாய் சினிமா இசைக்கு உழைத்தும் பெயர் வெளிவராத கோவா வாத்தியக்காரர்களுக்குச் செலுத்திய மரியாதையாகவும் இப்படத்தைக் கொள்ள வேண்டும். இந்தி மெட்டுகளுக்கு வாத்திய இசையமைப்பு எழுதித்தந்த செபாஸ்டியன் டிசோசா, ஆர். டி. பர்மனுக்கும் பியாரேலாலுக்கும் கற்பித்த அந்தோணி கொன்சால்வஸ் போன்றோர் அந்தத் தலைமுறையினர்.

2014ஆம் ஆண்டுக்கான 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கொங்கணிப் படம், சிறந்த தயாரிப்பு வடிவமைப்பு (அபர்ணா ரெய்னா), பலோமி கோஷுக்குச் சிறப்புக் குறிப்பு ஆகியவை கிடைத்தன. பலோமியின் தாய்மொழி கொங்கணி அல்ல என்பதை நினைத்தால் அந்த நடிப்பின் பெருமை இன்னும் கூடும்.

அதே காலப் பம்பாயைக் கொண்டு அனுராக் காஷ்யப் எடுத்த ‘பாம்பே வெல்வெட்’ 2015 மே 15 அன்று வெளியானது. அதில் ஜாஸ் பாடகி ரோசியாக நடித்தவர் அனுஷ்கா சர்மா. அமித் திரிவேதியின் இசை பாராட்டப்பட்டது. பெரும் பொருட்செலவில் எடுத்த படமோ வசூலில் தோற்றது.