கன்றூட்டும் பசுவும் கணக்குப் புத்தகமும்

பழந்தமிழில் 'மாடு' என்ற சொல்லுக்குச் செல்வம் என்றும் பொருள் உண்டு. இலத்தீன் மொழியில் பணத்தைக் குறித்த 'பெக்கூனியா' என்ற சொல், கால்நடையைக் குறித்த 'பெக்கூஸ்' என்ற சொல்லில் இருந்து பிறந்தது. மாடு செல்வம் என்பதில் உலகின் பல மொழிகள் உடன்படுகின்றன. ஆனால், அந்தச் செல்வம் அதை வளர்ப்பவரின் கைக்கு வந்து சேர்கின்றதா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை தேடுவோர் அயர்லாந்தின் வரலாற்றை ஒரு தடவை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அந்நாட்டில் இருவகைப் பசுக்கள் உள்ளன. ஒன்று கறவைப் பசு. மற்றையது, பால் கறக்கப்படாமல் தன் பால் முழுவதையும் கன்றுக்கே ஊட்டி, இறைச்சிக்கான கன்றை வளர்த்துக் கொடுப்பதற்காகவே பேணப்படும் பசு. இதைக் கன்றூட்டும் பசு என்று இங்கு குறிப்பிடுகின்றேன். கறவைப் பசுவை வைத்திருப்பவருக்கு மாதந்தோறும் பால் பணம் வரும். கன்று மேலதிக வருமானம். கன்றூட்டும் பசுவை வைத்திருப்பவருக்கோ ஆண்டில் ஒரு கன்று மாத்திரமே வருமானம். பசுவின் மேய்ச்சல் நிலம், குளிர்காலத் தீவனம், தொழுவம், மிருக வைத்தியச் செலவு அனைத்தையும் அந்த ஒரு கன்றே சுமக்க வேண்டும். ஓராண்டு பசு சினைப்படாமல் போனால் செலவு நிற்காது. வருமானம் மாத்திரம் நின்றுவிடும்.

இத்தகைய தொழில் எவ்வாறு வேரூன்றியது? இயற்கையும் சந்தையும் மாத்திரம் அதைத் தீர்மானிக்கவில்லை என்பதே நான் கண்ட விடை.

அயர்லாந்தின் கால்நடைகள் நீண்டகாலமாக பிரித்தானியச் சந்தையையே நம்பியிருந்தன. நிலப்பிரபுக்களிடம் இருந்து காணி வாங்குவதற்காக விவசாயிகளுக்கு வழங்கப்பட்ட கடனின் தவணைப் பணத்தை இலண்டனுக்கு அனுப்புவதை 1932ஆம் ஆண்டில் டி வலேராவின் அரசாங்கம் நிறுத்தியது. பிரித்தானியா பதிலடியாக அயர்லாந்தின் கால்நடைகள் மீது வரி விதித்தது. 1938 வரை நீடித்த அந்தப் பொருளாதாரப் போரில் கன்றுகள் விலை போகவில்லை. 1934ஆம் ஆண்டில் கன்றுகளைக் கொன்று தோலைக் கொடுப்போருக்கு அரசாங்கமே பணம் வழங்கியது. கன்றின் பெறுமதியை அரசியல் தீர்மானிக்கும் என்பதை அந்நாட்டு விவசாயிகள் அன்றே கண்டுகொண்டனர்.

1973ஆம் ஆண்டில் அயர்லாந்து ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் இணைந்தது. கன்றூட்டும் பசுவுக்கான ஊக்கத்தொகை 1980ஆம் ஆண்டில் அறிமுகமாயிற்று. 1984ஆம் ஆண்டில், மலையாகக் குவிந்த பாலையும் வெண்ணெயையும் கட்டுப்படுத்துவதற்காக ஒவ்வொரு நாட்டுக்கும் பால் ஒதுக்கீடு விதிக்கப்பட்டது. கறவைப் பசுக்களைப் பெருக்கும் வழி அடைபட்டதால் புல்வெளி வைத்திருந்தவர்கள் கன்றூட்டும் பசுவை நாடினர். அயர்லாந்தைச் சேர்ந்த ஐரோப்பிய விவசாய ஆணையாளர் ரே மக்ஷாரி 1992ஆம் ஆண்டில் கொண்டுவந்த சீர்திருத்தம் விலை ஆதரவைக் குறைத்து, தலைக்கு இவ்வளவு என்ற கொடுப்பனவை உயர்த்தியது. 2002ஆம் ஆண்டளவில் இத்தொகை பசு ஒன்றிற்கு 200 யூரோவாக இருந்தது. 1980களின் ஆரம்பத்தில் 5 இலட்சத்திற்கும் குறைவாக இருந்த கன்றூட்டும் பசுக்கள் 1990களின் இறுதியில் 11 இலட்சத்தைத் தாண்டின.

1996 மார்ச் மாதத்தில் நான் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பகுதியில் பணியாற்றினேன். மாட்டுப் பைத்திய நோய்க்கும் மனிதரைத் தாக்கும் மூளை நோய் ஒன்றிற்கும் தொடர்பு இருக்கக்கூடும் என பிரித்தானிய அரசாங்கம் ஒப்புக்கொண்ட செய்தியை அப்போது மொழிபெயர்த்திருக்கின்றேன். அதிர்ச்சி அயர்லாந்தின் ஏற்றுமதியையும் தாக்கியது. ஆயினும் பசுக்களின் எண்ணிக்கை சரியவில்லை. அவற்றைத் தாங்கி நின்றது சந்தையன்று, மானியமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

2005ஆம் ஆண்டில் அயர்லாந்து மானியத்தைப் பசுவில் இருந்து பிரித்தது. முன்னைய ஆண்டுகளின் கணக்கை அடிப்படையாக வைத்து, பசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விவசாயிக்குப் பணம் கிடைத்தது. மானியத்தை வங்கியில் இட்டுவிட்டுப் பசுக்களை விற்பதே கணக்கின்படி புத்திசாலித்தனம். பெரும்பாலானோர் அவ்வாறு செய்யவில்லை. சாகஸ்க் என்ற அந்நாட்டு விவசாய ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் பண்ணைகளின் வருமானத்தைக் கணக்கெடுக்கின்றது. கன்று வளர்ப்புப் பண்ணைகளின் சராசரி வருமானம் 2018இற்குப் பிந்திய சில ஆண்டுகளில் 10,000 யூரோவைச் சுற்றியே நின்றது. அந்த வருமானத்தை விடவும் அவை பெற்ற மானியம் அதிகம். அதாவது, பசுக்களை வைத்திருப்பதற்காக அந்தக் குடும்பங்கள் மானியத்தின் ஒரு பகுதியைச் செலவிட்டன. தங்கள் சொந்த உழைப்புக்கு அவர்கள் கூலி எழுதவும் இல்லை.

2015ஆம் ஆண்டில் பால் ஒதுக்கீடு முடிவுக்கு வந்ததும் இயன்றவர்கள் கறவைக்குத் திரும்பினர். நிலம் சிறிதாகவும் ஈரமாகவும் உள்ள மேற்குப் பகுதிகளில் பலருக்கு அந்த வழி திறக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் விலை வீழ்ச்சியைக் கண்டித்து விவசாயிகள் இறைச்சித் தொழிற்சாலைகளின் வாயில்களை மறித்தனர். பசுக்கள் ஏறத்தாழ 8 இலட்சமாகக் குறைந்தபின், 2025ஆம் ஆண்டில் மாட்டிறைச்சி விலை கிலோ 7 யூரோவைத் தாண்டியது. தட்டுப்பாடு வந்த பின்னரே விலை உயர்ந்தது. அதற்குள் பலர் தொழுவத்தைப் பூட்டிவிட்டனர்.

ஆகவே, ஆதாயமான தொழிலா என்று கேட்டால், பெரும்பாலான ஆண்டுகளில் இல்லை என்பதே எனது விடை. ஆனால், அதை அந்த விவசாயிகளின் அறியாமை என்று எழுதிவிட முடியாது. பசுவை வாங்கும்படி அவர்களை ஊக்குவித்தவை அரசாங்கங்களே. மலிவான இறைச்சியை உண்டவர்கள் நகரத்தவர்கள். காலநிலையின் பெயரால் அதே பசுக்களைக் குறைக்கும்படி இன்று வற்புறுத்துவோர், அவர்களுக்கு மாற்று வாழ்வாதாரம் எது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். புல்லைத் தவிர வேறொன்றும் செழிக்காத நிலத்தில் ஒரு குடும்பம் தங்கியிருப்பதன் பெறுமதியை எந்தக் கணக்குப் புத்தகமும் இதுவரை பதிந்ததில்லை.