கபடியில் ரைடு உத்திகளின் வரலாறு

கபடியில் தாக்குதல் தனியாள் வேலை. ஒரே மூச்சில் பாடிச் செல்லும் ரைடர் எதிரணியின் பாதிக்குள் புகுந்து, ஒருவரையாவது தொட்டு, பிடிபடாமல் நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். அவரை மடக்க ஏழு பேர் வரை காத்திருப்பார்கள். இப்படி ஒருதலையாக அமைந்த ஆட்டத்தில், கெட்டியான தற்காப்பை எப்படி உடைப்பது என்ற கேள்விக்குப் பல தலைமுறைகள் பல விடைகளைக் கண்டிருக்கின்றன. அந்த விடைகளோடு விதிகளும் சேர்ந்தே மாறி வந்தன.

அப்படி விடை தேடிய இடங்களில் ஒன்று தென்காசி, குற்றாலம் வட்டாரம். இது 2019 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. ஒன்றுபட்ட அந்த நெல்லைச் சீமையில் ஆட்டத்தின் பழைய பெயர் சடுகுடு. ஊர்க் கோயில் கொடை, பொங்கல் நாட்களில் இளவட்டங்கள் திரண்டு ஆடும் ஆட்டம் இது. இரவில் விளக்கொளியில் எடைப் பிரிவு வைத்து நடக்கும் போட்டிகள் இன்றும் கூட்டம் சேர்க்கின்றன. இங்கே பெரும்பாலும் மண் தரைதான். குற்றாலத்தில் சாரல் விழும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையான மாதங்களில் ஈர மண்ணில் கால் சட்டென்று திரும்பாது. அப்போது ஓடித் தொடுவதைவிட நின்று ஏமாற்றுவதே ரைடருக்குக் கைகொடுக்கும்.

பழைய சடுகுடுவில் கடிகாரம் கிடையாது, மூச்சுதான் அளவு. பாட்டு அறுந்தால் பாடியவர் அவுட். ஆகவே எதிரணி பிடித்த பிடியை விடாமல் வைத்திருந்து, மூச்சு தீரும்வரை பொறுத்தாலே போதும். பாடுபவர் மூச்சின் ஒரு பங்கைத் திரும்பி வருவதற்கென்று ஒதுக்கியாக வேண்டும். பிடிபட்ட பிறகும் கோட்டை நோக்கி ஊர்ந்து விரல் நுனியையாவது நீட்டுவது அந்தக் காலத்தின் பெரும் திறமை. இதை வெறும் உடல்பலம் என்று ஒதுக்குவது சரியல்ல. எந்தப் பிடியில் எந்தப் பக்கம் விழவேண்டும் என்ற கணக்கு அதற்குள் இருந்தது.

ஆட்டத்துக்கு எழுத்து வடிவ விதிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மராட்டியப் பகுதியில் உருவாயின. அப்போது மூன்று வகைகள் வழக்கில் இருந்தன. சஞ்சீவனியில், எதிரணியில் ஒருவர் அவுட்டானால் நம்மில் வெளியேறிய ஒருவர் திரும்ப உள்ளே வருவார். காமினியில் அணி முழுவதும் அவுட்டாகும்வரை வெளியே போனவர் வெளியேதான். அமர் வகையில் யாரும் வெளியேறுவதில்லை, புள்ளி மட்டும் சேரும். இன்றைய ஆட்டம் சஞ்சீவனி வழியில் வந்தது. இந்தத் தேர்வு ரைடருக்கு இரட்டை வேலை கொடுத்தது. ஒரு தொடுதல் எதிரியின் சுவரில் ஒரு கல்லைப் பெயர்க்கிறது, நம் சுவரில் ஒரு கல்லை வைக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது அமராவதியின் ஹனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல் குழுவினர் இந்த ஆட்டத்தைக் காட்சிப்படுத்தினர். 1950இல் அகில இந்தியக் கபடிக் கூட்டமைப்பு தோன்றியது. ஆண்களுக்கான முதல் தேசியப் போட்டி 1952இல் சென்னையில் நடந்தது.

ஆடவர் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். தற்காப்பில் இரு ஓரங்களிலும் கார்னர்கள் நிற்பார்கள், உள்பக்கம் கவர்கள். பக்கத்தில் நிற்பவர்கள் கைகோத்து நிற்பது செயின். கார்னர் கணுக்காலைப் பிடிப்பார், கவர் மோதித் தள்ளுவார் அல்லது வழியை அடைப்பார். இந்த ஒழுங்கு கலையாமல் இருக்கும்வரை ரைடருக்கு வழியில்லை. ஆகவே தேர்ந்த ரைடர் தொடுவதற்காக மட்டும் உள்ளே போவதில்லை, எதிராளியை முதலில் அசைய வைக்கவே போகிறார். காலை நீட்டிக் காட்டுவார். கார்னர் ஆசைப்பட்டுத் தனியாகப் பாய்ந்தால் செயின் அறும், அந்த இடைவெளிதான் வழி. ஓடிக்கொண்டே கையால் தட்டுவது, கால்விரலால் தொடுவது, குனிபவரைத் தாண்டும் தவளைத் தாவல், கோத்த கைகளுக்கு அடியில் புகுந்து வெளியேறும் டுப்கி ஆகிய எல்லாமே அந்த ஒரு நொடிப் பதற்றத்தை அறுவடை செய்யும் வழிகள். டுப்கியைப் பிரதீப் நர்வாலும் தவளைத் தாவலை அஜய் தாக்கூரும் புகழ்பெறச் செய்தார்கள்.

அசைய மறுக்கும் தற்காப்பை என்ன செய்வது? போனஸ் கோடு அதற்குத்தான் உதவுகிறது. எதிரே ஆறு பேருக்குக் குறையாமல் நிற்கும்போது, ஒரு காலை அந்தக் கோட்டுக்கு அப்பால் ஊன்றி மற்றக் காலைத் தூக்கினால் யாரையும் தொடாமலே ஒரு புள்ளி. இதனால் வெளியே இருக்கும் நம் ஆள் திரும்ப வரமாட்டார். ஆனாலும் சும்மா நிற்கும் அணி புள்ளி புள்ளியாகக் கரையும். ஒரு ரைடுக்கு 30 விநாடி என்று வந்த பிறகு மூச்சின் இடத்தைக் கடிகாரம் எடுத்துக்கொண்டது. அடுத்தடுத்து இரண்டு ரைடுகள் வெறுமையாகப் போனால் மூன்றாவதில் புள்ளி எடுத்தே தீரவேண்டும், இல்லையேல் ரைடர் அவுட். 2014இல் தொடங்கிய புரோ கபடி லீக் இந்த விதியை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்தது. மூன்று பேரோ அதற்கும் குறைவோ நிற்கும் அணி ரைடரைப் பிடித்தால் கூடுதலாக ஒரு புள்ளி பெறும் என்பதால், ஆள் குறைந்த தற்காப்பும் ஆபத்தானதாயிற்று.

ஒன்றுபட்ட நெல்லைச் சீமையிலிருந்து உலக மேடைக்குப் போன ரைடர் மணத்தி கணேசன். இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியைச் சேர்ந்த இவர், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, அர்ஜுனா விருது பெற்றார். மாரி செல்வராஜின் ‘பைசன்’ திரைப்படத்துக்கு (2025) இவர் வாழ்க்கை தூண்டுதல்.

இந்திய ரைடர்களுக்கு உண்மையான சோதனை ஈரானின் தற்காப்பு. 2016 அக்டோபர் 22 அன்று அகமதாபாத்தில் உலகக் கோப்பை இறுதி. இடைவேளையில் ஈரான் 18–13 என முன்னிலை. இரண்டாம் பாதியில் அஜய் தாக்கூர் ஈரானின் கட்டுக்கோப்பைக் கலைத்தார். ரைடில் மட்டும் 12 புள்ளிகள் எடுத்தார், இந்தியா 38–29 என வென்றது. இரண்டே ஆண்டுகளில் கதை திரும்பியது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு அரையிறுதியில், அதே தாக்கூர் தலைமையிலான அணியை ஈரான் 27–18 என்று வீழ்த்தியது. 1990 முதல் ஏழு முறை தொடர்ந்து தங்கம் வென்ற நாடு வெண்கலத்தோடு திரும்பியது. இந்திய ரைடர்களோடு புரோ கபடியில் ஆடிப் பழகிய பாசல் அத்ராச்சலி போன்றவர்கள் ஈரான் தரப்பில் இருந்தார்கள். அவர்களை அசைய வைக்கும் பழைய தூண்டில்கள் அன்று எடுபடவில்லை.

2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டு இறுதியில் ஈரானுடனான ஆட்டம் 28–28 என்று நின்றபோது, புள்ளி எடுத்தே ஆகவேண்டிய ரைடில் பவன் செராவத் உள்ளே போனார். யாரையும் தொடாமல் களத்தின் ஓரப் பட்டையான லாபிக்குள் கால் வைத்தார், ஈரானியர் சிலர் அவரைத் துரத்தி அதே லாபிக்குள் இறங்கினர். தொடுதல் நடந்தால்தான் லாபி ஆடுகளத்தின் பகுதி. அப்படியானால் ரைடர் மட்டும் அவுட்டா, துரத்தியவர்களுமா? பழைய விதி, புதிய விதி என்று வாதம் நீண்டு ஆட்டம் வெகுநேரம் நின்றது. தீர்ப்பு இந்தியா பக்கம் வந்தது, 33–29.